சுவரைப் பார்த்த மட்டை

பல் டாக்டரம்மா வேலையை விட்ட முதல் மாதத்திலேயே பயங்கரமான ஓர் உண்மையைக் கண்டுபிடித்தாள்: வாயில் பஞ்சு இல்லாத மனிதர்கள் எதிர்த்துப் பேசுவார்கள். அத்தனை வருஷமும் அவள் பேச, உலகமே மல்லாந்து படுத்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. மறுப்பு என்று வந்ததெல்லாம் "ங்ஆ" என்கிற ஒரே ஒலி. அதையும் அவள் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டாள். இப்போதோ பால் வாங்கப் போனால் கடைக்காரர் பதில் சொல்கிறார். மாடிப்படியில் நின்றால் கீழ்வீட்டுக்காரர் பதில் சொல்கிறார். இதையெல்லாம் ஒரு மனுஷி எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

எஞ்சியிருந்தது தங்கை ஒருத்தி. இருவரும் இரண்டாவது மாடியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கை முப்பது வருஷம் பியூட்டி பார்லர் நடத்தியவள். வந்தவர்கள் என்ன சொன்னாலும் "ஆமா, ஆமா, கரெக்ட்" என்று கத்தரியை ஓட்டிப் பழகியவள். அக்காவுக்கும் அதே மருந்துதான். அடுப்பை ஏன் இப்படித் துடைத்தாய், செருப்பை ஏன் கோணலாகக் கழற்றினாய், மூச்சை ஏன் இவ்வளவு சத்தமாக விடுகிறாய் என்று அக்கா காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அருவி நிற்காது. தங்கை தலையாட்டிக்கொண்டே நகத்துக்குச் சாயம் பூசுவாள்.

கிளினிக்கை விற்றபோது அக்கா எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். நோயாளி நாற்காலியை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. அதை ஆறு பேர் நாக்குத் தள்ளத் தூக்கிவந்து ஹாலில் டிவிக்கு எதிரே போட்டார்கள். விருந்தாளி யாராவது தெரியாமல் அதில் உட்கார்ந்தால் தலை தானாகச் சாயும், வாய் தானாகத் திறக்கும், அக்காவின் முகம் தானாக மலரும்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு காலையில் தங்கை புது ஷூ மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, நான் பிக்கிள்பால் கத்துக்கப் போறேன்."

"அது என்ன கண்றாவி, இந்த வயசுல?"

"டென்னிஸ் மாதிரி, ஆனா சின்னக் கோர்ட். டேபிள் டென்னிஸ் மாதிரி, ஆனா டேபிள் கிடையாது. அகல மட்டை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. டாக்டர்தான் சொன்னாரு."

"நானும் டாக்டர்தான். நான் சொல்லலையே?"

"நீ பல்லுக்கு. அவரு முழங்காலுக்கு. நான் என்ன பல்லாலயா ஓடப் போறேன்?"

அக்கா திகைத்துப் போனாள். இதுவும் பதில் பேச ஆரம்பித்துவிட்டதா! "இரு, நானும் வரேன். உன்னைத் தனியா அனுப்பிட்டு இங்க யாரு நிம்மதியா உக்காந்திருக்கிறது?"

ஆட்டம் நடந்த இடம் ஒரு காலத்தில் மரச்சாமான் கிடங்கு. ஜன்னல் கிடையாது. தகரக் கூரையில் பதித்த கண்ணாடிப் பட்டை வழியே வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இறங்கும். கட்டிலும் அலமாரியும் காலியாகி எத்தனையோ காலமாகியும் வார்னிஷ் வாசனை மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை. பேசினால் எதிரொலி ஒரு வார்த்தை தாமதமாக வரும். சில நாள் பேசாவிட்டாலும் வரும் என்று அங்கே ஆடுகிறவர்கள் சிரிக்காமல் சொல்வார்கள். மூன்று கோர்ட், முப்பது ஓய்வூதியக்காரர்கள், காலை முழுக்க டொக், டொக், டொக்.

அந்த ராஜ்யத்துக்கு ராணி விசிலக்கா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் குரல் கொடுத்தால் காலி பெஞ்சுகூட நகர்ந்து இடம் விடும். சுவரில் ஒரு நீளப் பலகை, அதில் மட்டைகளைச் செருக வரிசையாக வெட்டுகள். வந்தவர் மட்டையைச் செருகிவிட்டு உட்கார வேண்டியது. அடுத்தடுத்து இருக்கிற இரண்டு மட்டை ஒரு ஜோடி. கோர்ட் காலியானால் முன்னாலிருக்கும் நாலு மட்டை இறங்கும். பந்துக்கு ஒரு பாயின்ட். முதலில் பதினொன்றைத் தொடுகிற ஜோடிக்கு வெற்றி. ஜெயித்த ஜோடி உடனே பிரிந்துவிட வேண்டும். தோற்ற ஜோடியோ ஜெயிக்கிற வரைக்கும் சேர்ந்தே ஆட வேண்டும்.

"ஜெயிச்சவங்க ஒட்டிக்கிட்டு மத்தவங்கள மேய்க்கக் கூடாது, தோத்தவங்க ஒருத்தர ஒருத்தர் கழட்டி விடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்" என்பாள் விசிலக்கா. அப்பீல் கிடையாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பார்த்தாலே தெரியும் என்பதால் புதியவர்களுக்கு யாரும் அதைச் சொல்வதில்லை. மட்டையின் படம் போட்ட முகம் வெளியே பார்த்தால் ஆள் தயார். சுவரைப் பார்த்தால் ஆள் கணக்கில் இல்லை, தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார், தாண்டிப் போகலாம்.

தங்கைக்கு ஆட்டம் பிறவியிலேயே இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் சீப்புப் பிடித்த மணிக்கட்டு, மட்டையைப் பிடித்ததும் குழைந்து கொடுத்தது. அக்கா கதை வேறு. முதல் வாரத்தில் அவள் அடித்த பந்துகளில் ஒன்று ட்யூப்லைட்டை உடைத்தது, ஒன்று ஒருவரின் டீயில் விழுந்தது, ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. எப்படி அடித்தாலும் பந்து பலூன் மாதிரி மேலே எழும்பி, ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, நிதானமாக எதிராளியின் மட்டைக்கு முன்னால் வந்து நிற்கும். அவள் மட்டை பலகையில் ஏறினால் பக்கத்து மட்டைக்காரருக்கு உடனே தண்ணீர் தாகம் எடுத்துவிடும்.

விட்டுவிடுவாளா டாக்டரம்மா? வீட்டுக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில், தூணுக்குத் தூண் மறைந்து, சுவரில் தினமும் அடித்துப் பழகினாள். சுவர் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வகையில் நல்ல சுவர்.

ஒரு நாள் காலை மற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து பலகையைப் பார்த்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முந்தின நாள் ஆளாளுக்குச் செருகிவிட்டுப் போன மட்டைகள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று சாய்ந்து. வாழ்நாளெல்லாம் கருவித் தட்டைப் பார்த்த கண்ணுக்கு அடுக்குமா அது? தட்டில் வைக்கிற மாதிரியே அளவு பார்த்து, முகம் ஒரே பக்கமாக வைத்து வரிசையாக அடுக்கினாள். கடைசி வெட்டில், சுவரைப் பார்த்தபடி ஒரு பழைய மட்டை. கைப்பிடியில் கறுத்துப்போன தோல் பட்டை, மேலே விரல் கனத்துக்குத் தூசி. சிறு குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோல் அதைத் துடைத்து, முகத்தை வெளியே திருப்பி, அளவு சரியாக இருந்ததால் தங்கையின் மட்டைக்குப் பக்கத்தில் செருகினாள். கை விரல் நுனி மட்டும் ஐஸ்கட்டியைத் தொட்டது போல விறைத்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

விசிலக்கா வந்ததும் வழக்கம்போலப் பலகையைப் பார்க்காமலேயே வரிசையைத் தட்டினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு! இறங்கு, இறங்கு, முன்னால போ!" மூன்றாவது மட்டை தங்கையுடையது. நாலாவதில் அவள் கை நின்றது.

"இதைத் திருப்பினது யாரு?"

"நான்தான்" என்றாள் அக்கா பெருமையோடு. "ஒரே தூசி. துடைச்சு வெச்சேன். இங்க யாருக்கும் சுத்தம்னா என்னன்னே தெரியலையே."

ஒருவரும் பதில் பேசவில்லை. அப்படி ஒரு மௌனத்தை அவள் கிளினிக்குக்குப் பிறகு இப்போதுதான் கேட்டாள். விசிலக்கா பலகையைக் காட்டினாள். நாலாவது வெட்டு காலியாக இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

தங்கை கோர்ட்டில் வலது பக்கம் நின்று, "என் ஜோடி எங்கப்பா?" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். எதிர்ப்பக்கம் நின்றவர் பின்னால் நகரப் பார்த்ததில் பந்து அவரை அறியாமலே எகிறிப் பறந்து, ஆளில்லாத இடது பக்கம் போய் விழுந்தது. டொக். பந்து திரும்பி வந்தது.

அடித்த மட்டை தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. தரைப்பலகையில் ஒரு காலடி கிரீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. தங்கைக்கு அது பயமாகவே இல்லை போலிருக்கிறது. இடது பக்கம் திரும்பி, "நல்லா எடுத்தீங்க" என்று சிரித்தாள். ஆட்டம் முடிந்தபோது அவள் ஜோடி ஒரே ஒரு பாயின்டில் தோற்றிருந்தது. பலகையில் அவள் மட்டையும் அந்தப் பழைய மட்டையும் தோளோடு தோள் ஒட்டி, முகத்தை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அதே ஜோடி, அதே தோல்வி, அதே ஒரு பாயின்ட்.

தங்கை மாற ஆரம்பித்தாள். முதலில் வியர்வை நின்றது. எவ்வளவு ஆடினாலும் நெற்றி மாவு பூசினது போல உலர்ந்தே இருந்தது. பிறகு மாடிப்படியில் ஏறும்போது இடது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு ஏறினாள். சாப்பாட்டு மேஜையில் தன் கப்புக்கு இடது பக்கம் இன்னொரு கப் வைத்து டீ ஊற்றினாள். அந்த டீ குறையவில்லை. ஆனால் ஆவி பறக்க ஊற்றினது, அக்கா தொட்டுப் பார்ப்பதற்குள் கிணற்றுத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. அக்கா என்ன திட்டினாலும் "ஆமா, ஆமா" வந்தது, ஆனால் அவளைப் பார்த்து வரவில்லை. இடது பக்கம் யாரோ ஏதோ சொல்ல, அதற்கு வந்தது.

"யாரோட ஆடுறேன்னு தெரியுமாடி உனக்கு?"

"தெரியும். ரொம்ப நல்ல மனுஷன். பாவம், அதிர்ஷ்டம்தான் இல்ல."

"மனுஷனா? மனுஷனாடி அது?"

"நான் தப்பா அடிச்சா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு, அக்கா. நீயே சொல்லு, அந்த மாதிரி ஒருத்தர் பக்கத்துல நான் எப்போ நின்னிருக்கேன்?"

தங்கை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மட்டையை அக்கா அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு கிடங்குக்கு ஓடினாள். பலகையில் இரண்டு மட்டையும் ஜோடியாக இருந்தன.

அன்றைக்கே தங்கையைக் கிளினிக் நாற்காலியில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டாள். அந்தக் கண்ணாடியோடு அவள் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டிருக்கிறாள். வாய்க்குள் போனதும் மூச்சுப் பட்டு மூட்டம் போட்டுக்கொள்ளும், துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். லட்சம் வாய் பார்த்திருப்பாள். மூட்டம் போடாத வாய் ஒன்றுகூடக் கிடையாது.

கண்ணாடி பளபளவென்று இருந்தது. கடைவாய்ப் பல் வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது. அக்கா காத்திருந்தாள். கை வலிக்கும் வரை காத்திருந்தாள். மூட்டம் வரவில்லை.

அப்போது நாற்காலியின் இடது கைப்பிடியில், யாரோ முழங்கையை ஊன்றிக் குனிந்து பார்க்கிற மாதிரி, ரெக்ஸின் மெத்தை மெல்ல அமுங்கியது.

மறுநாள் விசிலக்காவைப் பெஞ்சில் மடக்கினாள். "இப்ப சொல்றீங்களா, இல்ல உங்க பல்லை ஒவ்வொண்ணா எடுக்கட்டுமா?"

"எடுங்க டாக்டரம்மா, எல்லாம் கட்டின பல்லுதான்" என்று விசிலக்கா பெருமூச்சு விட்டாள். பிறகு சொன்னாள். அந்த மட்டை ஒரு கடிகார ரிப்பேர்காரருடையது. இந்தக் கிடங்கில் அவரைப் போல ஆடினவர் கிடையாது. ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் தோற்றதில்லை. "ஜெயிச்சா பிரியணும்னு நான்தானே சட்டம் போட்டேன்? அதனால அந்த மனுஷன் பக்கத்துல ஒருத்தரும் ரெண்டு ஆட்டம் சேர்ந்தாப்ல நின்னதில்ல. முடிஞ்சதும் கை குலுக்கிட்டு அவங்கவங்க போயிடுவாங்க. அவரு தனியா உக்காந்து கைப்பிடித் தோலைச் சுத்திக்கிட்டு இருப்பாரு. ஒரு நாள் வீட்டுல தூக்கத்துலயே போயிட்டாரு. மறுநாள் பார்த்தா மட்டை பலகையில இருக்கு."

"அப்புறம்?"

"பக்கத்துல இருந்தது தபால்காரரோட மட்டை. அன்னிலேருந்து அந்த ஜோடி தோத்துக்கிட்டே இருந்துச்சு. செத்த பிறகுதான் அவருக்கு வித்தை புரிஞ்சிருக்கு, தோத்தா ஆள் பக்கத்துலயே இருப்பாங்கன்னு. தபால்காரர் வெளுத்துக்கிட்டே போனாரு. ஒரு நாள் தோத்துட்டு இந்தப் பெஞ்சுல வந்து சிரிச்ச முகமா உக்காந்தாரு. எழுந்திருக்கல."

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள்.

"ஜோடி அறுந்ததும் மட்டையைச் சுவர் பக்கம் திருப்பிட்டேன். தனி மட்டையத்தான் திருப்ப முடியும், ஜோடியா இருக்கறதை யாராலயும் அசைக்க முடியாது. தூக்கிப் போட்டும் பார்த்தோம். வரிசையில எங்களுக்கு முன்னாடி வந்து நிக்குது."

"அப்போ என் தங்கச்சி ஒரு ஆட்டம் ஜெயிக்கணும். ஜெயிச்சா பிரிஞ்சிடுவா. அவ்வளவுதானே? எதிர்ல நிக்கிறவங்க வேணும்னே தோத்துட்டா போச்சு!"

"செய்யாமலா இருக்கோம்? இத்தனை நாளா எல்லாரும் தோக்கத்தான் பாக்குறோம். பழகின கை, டாக்டரம்மா. பந்து வந்தா அதுவா எடுத்துடுது. அவரு அப்படியில்ல. நுணுக்கமா, மயிரிழையில, கலையா தோக்குறாரு. அவரைவிட மோசமா ஆட இந்த உலகத்துலயே..."

விசிலக்கா நடுவில் நிறுத்தினாள். அக்காவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இருக்கேன்" என்றாள் பல் டாக்டரம்மா. "என்னைவிட மோசமா ஆடறதுக்கு அவரு இன்னொரு தடவை சாகணும்."

ஆட்டம் அடுத்த நாள் காலை நடந்தது. வெளியே நல்ல வெயில். கிடங்குக்குள் அது வந்து சேரவில்லை. மற்ற இரண்டு கோர்ட்டும் வெறிச்சோட, எல்லாரும் சுவரோரம் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பக்கம் தங்கையும் அவளுடைய இடது பக்கமும். எதிரே அக்காவும் விசிலக்காவும். தங்கையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நின்ற இடத்தில் அவளுடைய நிழல் தண்ணீர் கலந்த பால் மாதிரி நீர்த்துக் கிடந்தது. இன்னும் எத்தனை ஆட்டம் தாங்குவாளோ, ஒன்றோ, அதுவும் இல்லையோ.

முதல் சர்வ் தங்கையுடையது. அழகாக அடித்தாள். அக்கா அதைத் தவறவிடுவதற்கு ஆசையோடு காத்திருந்தாள். பந்து வலைக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நெஞ்சில் மோதினது போல நின்று, நேராகக் கீழே விழுந்து, இரண்டு தடவை துள்ளி அடங்கியது. அக்கா பக்கத்துக்கு ஒரு பாயின்ட்.

"அப்படியா சேதி?" என்றாள் அக்கா. தன் சர்வை எடுத்து நேராகத் தரையில் அறைந்தாள். ஒன்றுக்கு ஒன்று.

அடுத்து அவருடைய முறை. தரையில் கிடந்த பந்து தானாக எழும்பி, டொக் என்று மரியாதையாகப் போய் வலையில் உட்கார்ந்தது. விசிலக்கா தன் முறைக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டு பக்கத்துக் கோர்ட்டுக்கு அடித்தாள். உலகத்தில் எங்கேயும் இப்படி ஓர் ஆட்டம் நடந்திருக்காது. நாலு பேர், அதில் மூன்று பேர் உயிரைக் கொடுத்துத் தோற்கப் பார்க்கிறார்கள். அந்த மூவரில் ஒருவருக்குக் கொடுக்க உயிரும் இல்லை. இரண்டுக்கு இரண்டு. ஐந்துக்கு ஐந்து. அக்கா கூரைக்கு அடித்தாள், பின்பக்கம் அடித்தாள், ஒரு தடவை பந்துக்குப் பதிலாக மட்டையையே எறிந்தாள். அவரும் சளைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தங்கையின் சர்வ் அந்தரத்தில் நின்று விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்தது.

பத்துக்குப் பத்து. சர்வ் தங்கை கையில். இந்தப் பந்தும் வழியில் நின்றால் அவள் தோற்றாள், தோற்றால் அவரோடேதான்.

அக்கா வலைவரைக்கும் வந்து இடுப்பில் கை வைத்தாள். கிளினிக்கில் கம்பவுண்டரைத் திட்டுகிற குரல், அதைவிட இரண்டு மடங்கு.

"ஏண்டி, பாத்துக்கிட்டேதான் இருக்கேன், ஒரு சர்வ்கூட உன்னால தாண்டிப் போட முடியலையே! முப்பது வருஷம் மயிரை வெட்டின கைதானே, வேற என்ன வரும்? சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். எதை எடுத்தாலும் பாதியில நிப்பே. கையாலாகாத கழுதை!"

தங்கை இடது பக்கம் திரும்பி "ஆமா, ஆமா" என்று முணுமுணுத்தாள். பாதியில் நிறுத்தினாள். அவள் புருவம் சுருங்கியது. மெதுவாக, எங்கேயோ தூரத்திலிருந்து நடந்து வருகிறவள் போல, முகத்தை அக்கா பக்கம் திருப்பினாள்.

"என்ன சொன்னே?"

"காதும் போச்சா? கழுதைன்னேன்."

தங்கையின் இரண்டு காதும் சிவந்தன. எத்தனையோ நாளுக்கப்புறம் அந்த உடம்பில் ரத்தம் ஓடுவது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. "நகருங்க நீங்க! சும்மா நடுவுல நடுவுல வந்து நின்னுக்கிட்டு!" என்று இடது பக்கம் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள். அடித்தாள். பந்தா அது, வாழ்நாளெல்லாம் சொல்லாமல் விழுங்கின பதில்கள் அத்தனையும் திரண்டு வந்த உருண்டை. வழியில் எதையோ இடித்து, எதுவோ "ஹக்" என்று மூச்சு விட, வலையைத் தாண்டி அக்காவின் காலடிக்கு வந்தது.

அக்கா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சும்மா நிற்பது. ஆனால் கார் நிறுத்துமிடத்துச் சுவரில் அத்தனை நாள் அடித்த கை, அவளைக் கேட்கவே இல்லை. டொக். பந்து ஒழுங்காக, சரியாக, அந்தப் பக்கம் போய் விழுந்தது. அவள் ஆட்ட வாழ்க்கையின் முதல் நல்ல அடி.

"ஐயோ, டாக்டரம்மா!" என்று கூட்டம் அலறியது.

தங்கை அதை நேராக அக்காவின் முகத்துக்கே திருப்பினாள். பல்லைக் காப்பாற்ற அக்கா மட்டையைத் தூக்கினாள். அதில் பட்ட பந்து மேலே போனது. கூரைக் கண்ணாடிவரை போய், வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் உலாத்திவிட்டு, கொழுத்த, சோம்பேறியான, கிழட்டுப் பலூனாக, தங்கையின் இடது பக்கத்துக்கு நேர் எதிரே இறங்க ஆரம்பித்தது. அவர் விட்டுவிட்டால் தரையில் விழும், தோல்வி அவருக்கு, தங்கையும் அவருக்கு. அவர் ஒன்றும் செய்யாமல் நின்றால் போதும்.

தரைப்பலகை ஒரு தடவை கிரீச்சிட்டது. மறுபடி கிரீச்சிட்டது. நிற்க முடியாமல் கால் மாற்றுகிறவரின் சத்தம். இப்படி ஒரு பந்தை எந்த ஆட்டக்காரனால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியும்? செத்தால்தான் என்ன?

டொக்!

துப்பாக்கி வெடித்த மாதிரி இருந்தது. பந்து அக்காவின் மேலுதட்டில் பட்டு, அங்கிருந்து வாசல்வரை போய் விழுந்தது.

விசிலக்கா இரண்டு விரலை வாயில் வைத்து ஊதின ஊதலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. "பதினொண்ணு! ஜெயிச்சாச்சு! ஜோடி பிரியலாம், பிரியலாம்!"

தங்கை மட்டையைக் கீழே போட்டாள். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்வை அரும்பியது. "என்னக்கா உதடு இப்படி வீங்கியிருக்கு?" என்றாள். பிறகு, "கழுதைன்னா சொன்னே?" என்றாள்.

அக்கா அவள் வாயருகே முகத்தைக் கொண்டு போனாள். மூச்சு சூடாக வந்தது. திட்டும் வந்தது. இரண்டுக்கும் நடுவில் அக்கா அழுதுவிட்டாள் என்று சிலர் சொல்கிறார்கள். உதட்டு வலி என்று அவள் சொல்கிறாள்.

ஆனால் காரியம் முடியவில்லை. பழைய மட்டை பலகையில் தனியாக, முதல் வெட்டில், முகத்தை வெளியே வைத்து நின்றது. விசிலக்கா ஓடிப்போய்த் திருப்பினாள். திரும்பவில்லை. அங்கே ஆடுகிற மீசைக்கார எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து இழுத்தார். நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஜெயித்தவருக்குப் புது ஜோடி தர வேண்டும் என்பது சட்டம், அவர் காத்திருந்தார். எல்லாரும் அவரவர் மட்டையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். மொட்டைப் பலகையில் அது ஒன்றுதான். தங்கையின் கால் தன்னை அறியாமல் ஓரடி முன்னால் போனது.

அக்கா அவளைப் பின்னால் தள்ளிவிட்டு, தன் மட்டையை அதன் பக்கத்தில் செருகினாள்.

எதிரே விசிலக்காவும் எலக்ட்ரீஷியனும் நின்றார்கள். அக்காவின் இடது கன்னத்தில் குளிர் ஏறியது. திறந்த ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. அவள் அந்தப் பக்கம் திரும்பி, வீங்கின உதட்டோடு, ரொம்பப் பிரியமாகச் சொன்னாள்:

"வாங்க சார். தோத்துடலாம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. என் தங்கச்சி மாதிரி நான் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டேன், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன். பேசுவேன். காலையில பேசுவேன், மத்தியானம் பேசுவேன். நீங்க நிக்கிற நிலையே சரியில்ல, முதுகு கூன் போட்டிருக்குன்னு தரைச் சத்தத்துலயே தெரியுது. கைப்பிடியில அது என்ன அழுக்குத் தோலு? உங்களுக்குப் பல்லு இருக்கா, இல்ல அதுவும் போயாச்சா? இருந்தா எப்படி வெச்சிருந்தீங்க, ராத்திரி தேய்ப்பீங்களா? சொல்லுங்க, நமக்கு நேரம் நிறைய இருக்கு. முடிவே இல்லாம இருக்கு."

தரைப்பலகை கிரீச்சிடவில்லை. இடது பக்கம் ஏதோ ஆழமாக யோசிப்பது போல இருந்தது.

பிறகு அவர் ஆடினார். அப்படி ஓர் ஆட்டத்தை அந்தக் கிடங்கு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அக்காவுக்கு வந்த பந்தையும் அவரே எடுத்தார். டொக், டொக், டொக் என்று எதிரே இரண்டு பேரும் பம்பரமாய்ச் சுழன்று, எலக்ட்ரீஷியனின் மூக்குக்கண்ணாடி பறந்து, மூச்சுவிட நேரமில்லாமல் பதினொன்றுக்குப் பூஜ்யம். அக்கா பேச்சில் பாதி வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை.

பலகையில் இரண்டு மட்டையும் இரண்டு கோடியில் பிரிந்து நின்றன. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாமல், அந்தப் பழைய மட்டை மெல்ல, மிக மெல்ல, தானாகவே சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நான் என்ன அவ்வளவு மோசமாவா பேசிட்டேன்?" என்றாள் அக்கா, கொஞ்சம் மனம் புண்பட்டு.

அடுத்த ஆட்டத்துக்கு அவளோடு சேர யார் வருகிறீர்கள் என்று விசிலக்கா கேட்டாள். எல்லாருக்கும் தாகம் எடுத்தது. தங்கைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் மட்டையை அக்காவுடையதற்குப் பக்கத்தில் செருகினாள்.

"தோத்தா சேர்ந்தேதான் இருக்கணும், தெரியுமில்ல?" என்றாள் அக்கா.

"கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு ஆடு" என்றாள் தங்கை.

தோற்றார்கள். அடுத்ததும் தோற்றார்கள். அக்காவின் பலூன் ஒவ்வொன்றும் மேலே போய்க் கூரையைச் சுற்றிவிட்டு இறங்கும்போது, பலகையின் கடைசி வெட்டுப் பக்கமிருந்து யாரோ மனசு தாளாமல் "ச்சு" கொட்டுவது எல்லாருக்கும் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.